விளையாட அஞ்சிய சிறுவர்

நம் சமூகத்தார் மறவாது போற்றுதற்குரிய பெரியார்களுள் திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் முன்னிற்பவர். செங்கற்பட்டு ஜில்லாவில் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859 ஆம் ஆண்டு பிறந்தார். கோயமுத்தூரில் கல்வி பயின்ற காலத்தைத் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே குறித்துள்ளார். உடன் பயில்வோரோடு கலந்து விளையாடினால் தம் சாதியும் ஊரும் வெளிப்பட்டுவிடும் என்றஞ்சி, பள்ளிக்கு வெளியே புத்தகமும் கையுமாய் இருந்து, மணியடித்த பின்னரே உட்புகுவாராம். வகுப்புக் கலைந்ததும் விரைந்து வீடு சேர்வாராம். அவர் பெற்ற பட்டங்களை அடுக்குவோர் இதனைச் சொல்லாது விடுகின்றனர். பிற்காலத்து அவர் செய்தவற்றிற்கெல்லாம் வித்து இங்கே விழுந்ததென்றே நாம் கருதுகின்றோம்.

அங்ஙனம் சாதியை மறைத்துத் திரிந்தவர், 1893 இல் தாம் தொடங்கிய பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். என்னே நெஞ்சுரம்! பின்னர், நிறத்தால் மாந்தரைப் பிரித்துவைத்த தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராய் அலுவல் பார்த்தார்.

தாயகம் மீண்டு, 1923 இல் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினரானார். மறு ஆண்டே, சாலை, கிணறு, குளம், அரசாங்க அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகிய யாவற்றிலும் எவ்வகுப்பினரும் தடையின்றிப் புகலாம் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். சபை ஏற்றது, அரசாங்கமும் அதனை வெளியிட்டது. ஆயினும் மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கப்படாமையால், ஊர்வழக்கம் என்ற ஒரு சொல்லே பலவிடத்தும் தீர்மானத்தை வென்றது.

அவ்வழக்கத்தின் வலிமையைப் பம்பாய் மாகாணத்து மஹாத் நகரிலும் கண்டனர். அங்குள்ள சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் 1927 இல் நீரருந்தவே, மேற்சாதியார் வழக்கிட்டனர். பத்தாண்டு இழுத்தது அவ்வழக்கு. தொன்றுதொட்ட வழக்கம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை எனப் பம்பாய் ஹைக்கோர்ட் 1937 மார்ச் 17 இல் தீர்த்தது. சென்னையிலோ, எம். சி. ராஜா அவர்கள் கொணர்ந்த 1938 ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய வழக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்கலாகாதென்று தடுத்தது. சீனிவாசனார் இதனைக் கண்ணாற் கண்டார்.

1945 செப்டம்பர் 18 இல் அவர் மறைந்தார். அதன்பின் பத்தாண்டு சென்றே, 1955 நவம்பர் 7 இல், பால்டிமோர்க் கடற்கரையிலும் அட்லாண்டா கோல்ப் மைதானத்திலும் கறுப்பரை விலக்கல் கூடாதென்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தரமணியில் மாலைதோறும் அச்சமின்றிப் பந்தாடும் நம் சிறுவருள் அவர் பெயரறியாதாரும் உளர். பெற்றோர் இதனை அவர்க்குப் படித்துக் காட்டுமாறு வேண்டுகின்றோம்.