அடைக்கலம் புகுந்த அரசு

திருச்சிற்றம்பலம்

இறைவனே புகலிடம் என்று நம்பி வாழ்வோர்க்கும் துன்பம் வருகின்றது. நோய் நீங்க வேண்டியும், மகப்பேறு வேண்டியும், மாண்டாரை எண்ணி மனம் நைந்தும் திருக்கோயிற் கொடிமரத்தின்கீழ் வீழ்ந்து வணங்கும் அன்பர் பலர். அவருள் சிலர்க்கு வேண்டியது கிடைக்கின்றது, சிலர்க்குக் கிடைப்பதில்லை. கிடையாதார் உள்ளத்தில், பெருமான் நம்மைக் கைவிட்டனனோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அவ்வையத்திற்குத் தெளிந்த விடையாவது திருநாவுக்கரசு சுவாமிகளின் வாழ்க்கை. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துள் அருளிய நெறியே பற்றி, அதனை இத்திருக்குடமுழுக்கு மலரில் சிந்திப்போமாக.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாளர் மரபிற் குறுக்கையர் குடியில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் திலகவதியார் மகளாராகத் தோன்றினர். சில ஆண்டுகள் கழித்து அவர்க்குத் தம்பியாராக மருணீக்கியார் பிறந்தனர். திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவர்க்கு மணம் பேசினர். மணம் நிகழுமுன்னரே அரசன் பணித்தவாறு அவர் வடபுலத்துப் பகைவர்மேற் சென்றார். அந்நாளிற் புகழனார் நோயுற்று உயிர் நீத்தார். மாதினியாரும் கணவனாரைத் தொடர்ந்தார். அத்துயர் ஆறுமுன்னரே, கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார் என்னும் செய்தியும் வந்தது.

பெற்றோர் தம்மை அவர்க்கே உரியவளாக்கினர், ஆதலின் தம் உயிரும் அவர்க்கே உரியது எனத் துணிந்து, திலகவதியார் உயிர்விட எண்ணினார். இளையராகிய மருணீக்கியார் தமக்கையார் திருவடிகளில் வீழ்ந்து, அவர் பிரியின் அவர்க்கு முன்னே தாம் இறப்பதாகக் கூறி அழுதார். தம்பியார் வாழ வேண்டும் என்னும் கருணையினாலே அம்மையார் தம் உயிரைத் தாங்கினார். இஃது இவ்வரலாற்றின் வேர்போன்ற இடம். அன்று அம்மையார் வாழ ஒருப்பட்டிலரேல், நாவரசர் என்னும் ஞானச்சுடர் நமக்குக் கிடைத்திராது.

வளர்ந்த மருணீக்கியார் நிலையாமையை உணர்ந்து, பொருளையெல்லாம் அறச்சாலைக்கும் தண்ணீர்ப்பந்தர்க்கும் சோலைக்கும் குளத்திற்கும் செலவிட்டார். பின்னர் மெய்ந்நெறி யாதெனத் தேடி, இந்நாளில் திருப்பாதிரிப்புலியூர் எனப் பெறும் பாடலிபுத்திரஞ் சென்று சமண சமயம் புகுந்தார். அந்நூல்களைக் கற்றுத் துறைபோகித் தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் எய்தினார்.

திலகவதியாரோ, கெடிலத்தின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, ஆங்கொரு திருமடம் அமைத்துக்கொண்டு, நாடோறும் வைகறையில் திருவலகிட்டும், மெழுகிட்டும், பூமாலை தொடுத்தும் திருத்தொண்டு புரிந்தனர். மாண்ட தலைவர் மீண்டிலர், பெற்றோரும் மீண்டிலர். இழந்தவற்றை மீட்டுத் தருமாறு அம்மையார் வேண்டியதாகப் புராணம் கூறவில்லை. தம்பியாரை ஆட்கொண்டருளல் வேண்டும் என்பதே அவர்தம் விண்ணப்பம். பெருமானும் கனவிற்றோன்றி, சூலை நோய் தந்து ஆட்கொள்வதாக அருளினார்.

அவ்வாறே தருமசேனர் வயிற்றிற் சூலை புகுந்து குடரை முறுக்கிற்று. மந்திரமும் பீலியும் மந்திரித்த நீரும் பயன்பட்டில. அவர் உணவமைப்பானைத் தமக்கையாரிடம் விடுத்தார். அம்மையார் ஆங்கு வருதற்கு இசையவில்லை. தாமே சென்று அவர் திருவடி அடைவதன்றி வேறு வழியில்லை எனத் துணிந்த தருமசேனர், பாயும் பீலியும் குண்டிகையும் ஒழித்து, வெள்ளாடை உடுத்து, இரவிற்றானே எவரும் அறியாது திருவதிகை போந்தார். தமக்கையார் பழைய குறை ஒன்றும் கூறிற்றிலர்; ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சி வேளையில் திருவலகும் தோண்டியும் எடுத்துச் செல்லுங்கால், தம்பியாரையும் உடனழைத்துத் திருக்கோயில் புகுந்தார். ஆங்குப் பதிகம் பாடிய அளவிற் சூலை அகன்றது. நாவுக்கரசு என்னும் திருநாமமும் இறைவன் அருளால் வழங்கலாயிற்று. அவரை இறைவன்பாற் சேர்த்தது அந்நோயே யன்றோ?

நோய் தீர்ந்தவுடன் இன்னல் தீர்ந்ததோ எனின், இல்லை. பல்லவ மன்னன் அவரைச் சினந்து நீற்றறையில் ஏழு நாள் அடைப்பித்தான், நஞ்சு கலந்த பாலடிசிலை ஊட்டுவித்தான், மதயானையை ஏவினான், ஈற்றிற் கல்லோடு பிணித்துக் கடலில் எறிவித்தான். ஒவ்வோரிடத்தும் அரசர் திருவடி நினைவொன்றையே பற்றி நின்றார். நீற்றறை குளிர்ந்தது, நஞ்சு அமுதாயிற்று, யானை வலம்வந்து பணிந்தது, கல் தெப்பமாயிற்று. அத்தெப்பம் கரைசேர்த்த பதி யாது? எந்தப் பாடலிபுத்திரத்தினின்று அவர் வலியால் துடித்து இரவில் வெளிப்போந்தாரோ, அந்தத் திருப்பாதிரிப்புலியூரே அது. கரையேறிய இடம் கடலூரை அடுத்துக் கரையேறவிட்டகுப்பம் என வழங்குகின்றது.

மன்னனும் மனந்திரும்பிச் சைவனாகித் திருவதிகையிற் குணபரவீச்சரம் என்னும் ஆலயம் எடுத்தான். அவனைக் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்றறிஞர். திருச்சிராப்பள்ளிக் குன்றின் குடைவரைக் கல்வெட்டு, குணபரன் என்னும் அரசனது இலிங்க வழிபாட்டைக் குறிக்கின்றது.

அடைக்கலம் பெற்றவர் அதனைத் தமக்கென வைத்துக்கொண்டிலர். திங்களூரில் அப்பூதியடிகளின் மூத்த மகனார், அவர்க்கு அமுதூட்ட வாழைக்குருத்து அரியப் புகுந்து அரவு தீண்டி மாண்டபோது, பதிகம் பாடி எழுப்பினார். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்துற்றபோது, திருஞானசம்பந்தரும் அவரும் நாளும் பெற்ற பொற்காசு கொண்டு அடியார்க்கு அமுதளித்தனர். அப்பொழுது சம்பந்தர் பெற்ற காசு வட்டங் கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. அரசர் பெற்றதோ வட்டமில்லாக் காசு. உழவாரம் ஏந்திக் கையால் தொண்டு செய்தமையே அதற்குக் காரணம் என்பர் சேக்கிழார். பின்னர்ச் சம்பந்தரும் பதிகம் பாடி வட்டமில்லாக் காசு பெற்றனர்.

அவர் வேண்டியன யாவும் வேண்டியவாறே கிடைத்தனவும் அல்ல. முதுமையிற் கயிலை காண விழைந்து, கால் தேயக் கையாலும், கை தேய மார்பாலும் ஊர்ந்து சென்றார். அவ்வுடம்போடு கயிலை சேர இறைவன் இசையவில்லை. பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழுப்பி, ஆங்கே கயிலைக் காட்சியை அருளினான். இறுதியாகத் திருப்புகலூரில், உழவாரப் பணி செய்யும் முற்றத்திற் பொன்னும் மணியும் கிடக்கக் கண்டும், பருக்கைக் கற்களோடு ஒன்றாக அவற்றை வாரிக் குளத்தில் எறிந்தார். சித்திரைச் சதயத்தில், தமது 81ஆம் ஆண்டில், இறைவன் திருவடி எய்தினார்.

அன்பர்காள்! திங்களூரில் இறந்த மகவு எழுந்தது. திருவாமூரில் இறந்தவர் எழுந்திலர். இதனாற் பெருமான் ஒருவர்க்கு இரங்கி ஒருவர்க்கு இரங்காதவன் ஆவனோ? ஆகான். துன்பம் அணுகாதிருத்தல் அன்று அடைக்கலம். அணுகிய துன்பம் நம்மைத் திருவடியினின்று பிரிக்கமாட்டாமையே அடைக்கலம். கடலினின்று கரையேறிய அரசர் அதற்கு ஒரு சான்று. எதனையும் மீளப்பெறாது வைகறைதோறும் திருவலகு ஏந்திய அம்மையார் அதனினும் பெரிய சான்று.

பொருளுதவிய பெருமக்களும் பணிபுரிந்த அடியார்களும் ஒருங்கு கூடியதால் இத்திருக்குடமுழுக்கு இனிது நிறைவுறுகின்றது. இனி விமானத்தில் ஆலும் அரசும் முளைக்கும். திருச்சுற்றிற் புல் முளைக்கும். அந்நாளில் உழவாரம் ஏந்த ஒரு கையும், திருவலகு பிடிக்க ஒரு கையும் வேண்டப்படும். துன்பமுற்று இத்திருவாயிலில் வந்து நிற்பார்க்கு, அப்பணியே முதற் புகலிடமாகுக. திலகவதியார் திருவடி வாழ்க; திருநாவுக்கரசர் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்