டயருக்கு மறுபிறவி தந்த டி. வி. எஸ்.

காயல்பட்டினத்துக்காரர்களுக்கு டயரின் அருமை நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் உப்புக் காற்று. மறுபக்கம் தேரி மணலும் உடைமுள்ளும். கோடையில் சாலை அடுப்பாகக் கொதிக்கும். மழை வந்தால் அதுவே குளமாகிவிடும். 2023-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அந்த ஊரில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட ஊரில் கார் வைத்திருப்பவர், வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் டயர், அதுவும் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்குமா என்று தேடுவதில் வியப்பு இல்லை.

இதே தேடலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடத்தியவர் ஒருவர் உண்டு. ஒரு காருக்காக அல்ல; ஊர் ஊராக ஓடிய பஸ்களுக்காக. அவரும் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்தான். அவர்தான் டி. வி. சுந்தரம் அய்யங்கார்.

நம்பி ஊரில் பிறந்தார்

மேற்கு மலையடிவாரத்தில் உள்ள ஊர் திருக்குறுங்குடி. வைணவர்களின் 108 திருப்பதிகளில் ஒன்று. நம்பி கோயிலால் பெயர் பெற்றது. அங்கே 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி சுந்தரம் பிறந்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் "டி" என்பது அந்த ஊரின் பெயர்தான்.

மகன் வக்கீலாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனின் மனம் அதில் ஒட்டவில்லை. ரெயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு பாங்கில் வேலை பார்த்தார். இரண்டும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலைகள். அந்தக் காலத்தில் இவற்றை விட்டுவிட்டு வருகிறவனை ஊர் பைத்தியக்காரன் என்றே எண்ணும். சுந்தரம் இரண்டையும் உதறினார்.

1911-ல் மதுரையில் "டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ்" கம்பெனி பிறந்தது. மறு ஆண்டு பஸ் ஓடத் தொடங்கியது. நாட்டு மக்களுக்கு அப்போது தெரிந்த வண்டி மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். புகை கக்கிக்கொண்டு வந்த மோட்டார் வண்டியில் ஏறி உட்காரவே பலர் பயந்தார்கள்.

பயத்தைப் போக்க அவர் கையாண்ட மருந்து ஒன்றே ஒன்று: நேரம் தவறாமை. டி. வி. எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைச் சீமையில் பேச்சாகிவிட்டது.

ஆணி பொறுக்கிய வண்டி

நேரம் தவறாமல் பஸ் ஓட வேண்டுமானால் என்ன வேண்டும்? நல்ல என்ஜின் வேண்டும். நல்ல டிரைவர் வேண்டும். இரண்டும் இருந்தாலும், நடுவழியில் டயர் வெடித்தால் எல்லாம் வீண்.

காற்று அடைத்த டயர் அப்போது புதுச் சரக்கு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தார். 1888-ல் அயர்லாந்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று டயர் செய்தார். அங்கிருந்து டயர் கப்பலேறி இங்கே வர வேண்டும். விலையோ அதிகம்.

நம் சாலைகள் அந்த டயருக்கு எமனாக இருந்தன. காரணம் கல் மட்டும் அல்ல, லாட ஆணி. பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கின. அவற்றுக்கு லாடம் அடிக்க இந்த நாட்டில் ஆள் இல்லை என்று மார்க்கோ போலோ எழுதி வைத்தார். அந்தக் குறை பின்னாளில் வட்டியோடு தீர்ந்துவிட்டது போலும்! இருபதாம் நூற்றாண்டுச் சாலைகளில் வண்டி மாடுகளின் லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் வழியெங்கும் இறைந்து கிடந்தன.

சுந்தரம் அய்யங்கார் அதற்கு ஒரு வழி கண்டார் என்று சொல்வார்கள். அடியில் காந்தம் பொருத்திய வண்டியைப் பஸ் போகும் பாதையில் ஓட்டச் செய்தாராம். ஆணிகள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னால் வரும் பஸ் பஞ்சர் ஆகாமல் போய்ச் சேரும். கணக்குப் பார்க்கத் தெரிந்தவரின் யோசனை இது. விலை குறைந்த டயரைத் தேடுவதைவிட, வாங்கிய டயரைக் காப்பாற்றுவது மலிவு என்று அவர் கண்டுகொண்டார்.

யுத்தம் வந்தது

அவருடைய வாழ்க்கையின் பெரிய சோதனை இரண்டாம் உலக யுத்தத்தில் வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

1942-ல் ஜப்பான் படை மலேயாவைப் பிடித்தது. சிங்கப்பூர் வீழ்ந்தது. டச்சுக்காரர் வசம் இருந்த ஜாவா, சுமத்ராவும் போயின. உலக ரப்பரில் பெரும்பகுதி இந்தத் தோட்டங்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பர்மாவும் போனது, பர்மா எண்ணெயும் போனது. இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் ஏற்கனவே வந்துவிட்டது. இப்போது டயருக்கும் பஞ்சம். கிடைத்த டயரில் பெரும்பகுதியை ராணுவம் எடுத்துக்கொண்டது.

பஸ் முதலாளிகளுக்குத் திகைப்பு. டயர் மொட்டையாகிவிட்டது, புதிது கிடைக்காது. வண்டியை நிறுத்துவதா? அல்லது மொட்டை டயரிலேயே ஆட்களை ஏற்றி ஓட்டுவதா? நிறுத்தினால் தொழில் போகும். ஓட்டினால் உயிர் போகும்.

முதலில் பெட்ரோலுக்கு மாற்று கண்டார். "டி. வி. எஸ். காஸ் பிளாண்ட்" என்ற கரிவாயுக் கருவியை உருவாக்கினார். பஸ்ஸில் ஓர் உலை. அதில் மரக்கரி. போதாத காற்றில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அதைக் குளிர்வித்து, வடிகட்டி, என்ஜினுக்குள் அனுப்பினால் வண்டி ஓடும். வேகம் குறையும். மேட்டில் திணறும். பயணிகளின் வேட்டி சட்டையில் கரி படியும். ஆனாலும் பஸ் ஓடியது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. உலையும் கரி மூட்டையும் பளு. அந்தப் பளுவையும் தாங்க வேண்டியது டயர்தான். பெட்ரோல் கவலை தீர்ந்த இடத்தில் டயர் கவலை கூடியது.

மொட்டை டயருக்கு மறுபிறவி

டயர் முழுவதும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவதில்லை. தேய்வது தரையில் படும் பட்டன் பகுதி மட்டுமே. உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் நன்றாக இருந்தால், உடம்பு இன்னும் உழைக்கும். இந்த உண்மையை நம்பி, சுந்தரம் அய்யங்கார் பழைய டயருக்குப் புதுப் பட்டன் போடும் தொழிற்சாலையைத் தொடங்கினார். "ரீட்ரெடிங்" என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

வேலை சுலபம் போலத் தோன்றும், சுலபம் அல்ல. முதலில் டயரை விரித்து உள்ளும் புறமும் பார்க்க வேண்டும். நூல் அறுந்திருந்தால் தள்ளிவிட வேண்டும். தேறியதைச் சுரண்டி, மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கி, ரப்பர் பசை தடவி, புதிய ரப்பர் பட்டையைச் சுற்ற வேண்டும். பிறகு அச்சுக்குள் வைத்துச் சுமார் 150 டிகிரி சூட்டில் வேக வைக்க வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது. கூடினால் ரப்பர் கெடும். ஒட்டாத பட்டை ஓடும்போது உரிந்து பறக்கும்; பஸ் கவிழும்.

ஆகவே எல்லாவற்றிலும் முக்கியமானவர் அச்சு ஓட்டுபவர் அல்ல, டயரைப் பார்த்து இது ஆகும், இது ஆகாது என்று சொல்பவர்தான்.

இந்த வழி பின்னால் பெரிய தொழிலாகிவிட்டது. சென்னையில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாக 1946-ல் தொடங்கிய எம். ஆர். எப்., 1952-ல் ரீட்ரெடிங் ரப்பர் செய்யத் தொடங்கி, அதன் பிறகுதான் டயருக்கு வந்தது. பஸ், லாரிகளுக்குப் பட்டன் போடுவது இன்றும் நடக்கிறது. சிறு கார்களுக்கு அந்த வழக்கம் குறைவு. கார்க்காரர்கள் புது டயர்தான் பார்க்கிறார்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம், டயர் எந்த வாரம், எந்த ஆண்டு பிறந்தது என்பதைச் சொல்லும். விலை குறைத்துத் தருகிறார்கள் என்றால் அதை முதலில் பார்ப்பது நல்லது. நம் ஊரில் பனி இல்லை, வெயிலும் மழையும்தான். ஆகவே பனி டயரின் பெருமை நமக்கு வேண்டாம்; ஈரத்தில் பிடிக்கும் பட்டன் வேண்டும். அது 1.6 மில்லி மீட்டருக்குத் தேய்ந்தால் டயர் ஆயுள் முடிந்தது.

குடும்பமும் கம்பெனியும்

அவருடைய மகள் சவுந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். வைதீகக் குடும்பத்தில் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மூலைதான் கதி. சவுந்தரமோ டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-ல் இருவரும் சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கினார்கள்.

மகன்கள் தொழிலில் இறங்கினார்கள். சதர்ன் ரோட்வேஸ், சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று கிளைகள் விரிந்தன. 1954-ல் மகன் சந்தானம், லாரி வாங்கப் பணம் இல்லாதவர்களுக்குக் கடன் கொடுக்க சுந்தரம் பைனான்சைத் தொடங்கினார்.

பிள்ளைகள் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்த சுந்தரம் அய்யங்கார், 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

1972-ல் அவருடைய பஸ்கள் அரசுடைமை ஆயின. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அவற்றைக் கொண்டு தொடங்கியது. பஸ் போனாலும் ரப்பர் போகவில்லை. 1982-ல் அதே குழுமத்தில் ஸ்ரீசக்ரா டயர் கம்பெனி பிறந்தது. மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் உள்ள அதன் ஆலையில் இரு சக்கர வண்டிகளுக்கு டயர் செய்கிறார்கள்.