அம்பர் தந்த ஏகாம்பரநாதன்

கரிவலம்வந்தநல்லூர்க் கரிசலில் விளையும் பருத்தி நூலாகுமுன் வில்லால் கொட்டப்பட்டுத் திரியாதல் வேண்டும். திரி சீரற்றிருப்பின் இழை அறும். நூற்பவரின் கூலி குறையும். 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் சிறந்த இராட்டைக்கு ஓர் இலட்சம் ரூபாய்ப் பரிசு அறிவித்தும் தக்க கருவி கிட்டவில்லை.

அக்குறையை நீக்க முனைந்தவர் நெல்லைச் சீமையின் ஏகாம்பரநாதன். ஆலை உருளைகள் பஞ்சை இழுத்து நீட்டும் முறையை வீட்டுக்கேற்ற சிறு கருவியில் அமைத்தார். சீரான திரி தரும் பெல்னியும் நான்கு கதிர் இராட்டையும் சேர்ந்த தொகுதி, அவர் பெயராலேயே அம்பர் எனப்பட்டது. 1956இல் நடுவணரசு குழு அமைத்து அதனை ஆராய்ந்தது.

இன்று கதர் நூற்போர்க்குத் திரி பெரும்பாலும் ஆலைகளிலிருந்தே வருகிறது. இராட்டை நிலைத்தது, பெல்னி நிலைக்கவில்லை. பஞ்சைப் பதமாக்கும் கூலியும் சிற்றூரிலேயே தங்க வேண்டுமெனில், அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்குதல் வேண்டும்.