எண்ணிக்கையும் இனமும்: பொன்னம்பலம் இராமநாதனும் நாமும்

தேர்தல் நெருங்கினால் திருகோணமலை உள்துறைமுக வீதிப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் கணக்குப் பாடம் தொடங்கிவிடும். கிண்ணியாவில் எங்கட வாக்கு எத்தனை, மூதூரில் எத்தனை, புல்மோட்டையில் எத்தனை? தமிழர் தரப்பில் எத்தனை பேர் வாக்களிக்க வருவார்கள்? சேருவிலப் பக்கம் சிங்கள வாக்கு எத்தனையாகப் பிரியும்? மாவட்டத்துக்கு நாலே நாலு ஆசனம். சாதாரண தரத்தில் கணிதத்தைக் கோட்டைவிட்டவர்கள்கூட விருப்பு வாக்குக் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். 2008இல் அமெரிக்காவில் ஒபாமாவும் ஹிலரியும் ஒரே கட்சிக்குள் வேட்பாளர் நியமனத்துக்குப் போட்டியிட்டபோது, ஒவ்வொரு மாநிலமாகக் கறுப்பர் வாக்கு எவ்வளவு, வெள்ளையர் வாக்கு எவ்வளவு, யாருக்கு எத்தனை பிரதிநிதிகள் சேர்ந்தார்கள் என்று தொலைக்காட்சியில் இரவு பகலாகக் கூட்டிக் கழித்தார்கள். அதைப் பார்த்த ஒரு நாநா, அங்கேயும் நம்ம கடைக் கணக்குத்தானே நடக்கிறது என்று சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது.

இலங்கையர் ஒருவரையொருவர் எதிர்த்து, இனமும் சாதியும் எண்ணப்பட்டு நடந்த முதலாவது நாடளாவிய வாக்கெடுப்பு 1911இல் நடந்தது. அதில் வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். வரலாற்றுப் பாடத்தில் அவர் தேசிய வீரர். தமிழருக்குப் பெருந்தலைவர், சிங்களவருக்கு நன்றிக்குரியவர். எனது வகுப்பில் இருப்பவர்களோ பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள். இவர் நமக்கு யார் சேர் என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கிறது. புத்தகத்தில் இருக்கும் இரண்டு பந்திகளை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1851 ஏப்ரல் 16ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். குடும்பம் யாழ்ப்பாணம் மானிப்பாயைச் சேர்ந்தது. செல்வாக்குள்ள வெள்ளாள முதலியார் குடும்பம். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் தமிழ் அங்கத்தவராக இருந்தவர். தம்பி பொன்னம்பலம் அருணாசலம். இராமநாதன் கொழும்பு அக்கடமியிலும் (இன்றைய றோயல் கல்லூரி) சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து வழக்கறிஞரானார். மாமன் 1879இல் இறந்ததும் அந்த ஆசனம் மருமகனுக்கு வந்தது. வயது 28. அன்று தேர்தல் கிடையாது, ஆளுநர் பார்த்து நியமிப்பதுதான்.

இந்த இடத்தில்தான் நமது கதையும் தொடங்குகிறது. தமிழ் அங்கத்தவர் என்றால் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் அவர்தான் அங்கத்தவர் என்பது அன்றைய ஏற்பாடு. சோனகருக்கென்று தனி ஆசனம் இல்லை. திருகோணமலைச் சோனகருக்கும் சபையில் இருந்த குரல் இராமநாதனின் குரலே. அப்படியிருக்க, 1885இல் முஸ்லிம் விவாகப் பதிவு பற்றிய விவாதத்தின்போது, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதம் மட்டுமே இஸ்லாம் என்ற கருத்தை அவர் சபையில் முன்வைத்தார். 1888இல் அதையே விரிவாக எழுதி, றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரையாக வாசித்தார். வீட்டில் பேசும் மொழி, திருமணச் சடங்குகள், உடலமைப்பு, தென்னிந்தியக் கரையோடு உள்ள தொடர்பு என்று ஆதாரங்களை அடுக்கினார். காயல்பட்டினத்தை முக்கியமாகச் சுட்டினார்.

ஆராய்ச்சி என்ற அளவில் அதில் எல்லாமே பொய் என்று சொல்ல நான் வரவில்லை. நாம் பேசுவது தமிழ். சித்திலெப்பை மர்ஹூம் 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கியதும், 1885இல் அசன்பே சரித்திரம் என்ற நாவலை வெளியிட்டதும் தமிழில்தான். காயல்பட்டினத்தோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த குடும்பங்கள் நம்மில் நிறைய. ஆனால் அது கழகத்தில் வாசித்துவிட்டு மறந்துபோகும் கட்டுரையாக இருக்கவில்லை. சபையில் ஆசனங்கள் இனவாரியாகப் பங்கிடப்பட்ட காலம் அது. சோனகர் தமிழரே என்றால் அவர்களுக்குத் தனி ஆசனம் எதற்கு என்ற கேள்வி தானாக எழும். சோனகத் தலைவர்களைச் சுட்டது அதுதான். 1889இல் எம்.சி. அப்துர் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் அங்கத்தவராக நியமிக்கப்பட்டார். ஆசனம் வந்துவிட்டது, வாதம் மட்டும் ஓயவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், சோனகர் சங்கத்தின் சார்பில் இராமநாதனின் கட்டுரைக்கு மறுப்பு நூல் வெளியிட்டார். ஹாஷிம் குலத்து அரபிகள் இங்கு வந்து குடியேறினர் என்ற மரபுரையை அவர் முன்னிறுத்தினார். அந்த மரபுரையைப் பல காலத்துக்கு முன்பே சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் பதிவு செய்திருந்தார். அதில் சொல்லப்படும் குடியேற்றங்களுள் நமது திருகோணமலையும் ஒன்று. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது முகங்கள் மலரும். எனக்கோ ஒரு சங்கடம் இருக்கிறது. அரபியா, தமிழா என்ற இரண்டு பதிலுமே சபையில் ஆசனம் கேட்பதற்காக மெருகேற்றப்பட்டவை. கடலோடு வாழ்ந்த ஒரு சமூகத்தின் இரத்தத்தை ஒரே கரைக்கு எழுதிக் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1892இல் சபையை விட்டுச் சொலிசிட்டர் ஜெனரலாகப் போனார் இராமநாதன். 1906 வரை அந்தப் பதவி. அமெரிக்கா சென்று சைவமும் வேதாந்தமும் பேசினார், மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு உரை எழுதினார், கொச்சிக்கடையில் தந்தை கட்டிய கோயிலைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். இவையெல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியவை.

ஆளுநர் மக்கலம் காலத்துச் சீர்திருத்தத்தின்படி சபைக்கு 21 பேர். உத்தியோகத்தர் 11, உத்தியோகப்பற்றற்றவர் 10. அந்தப் பத்தில் ஆறு பேர் நியமனம்: கரையோரச் சிங்களவர் 2, தமிழர் 2, கண்டியச் சிங்களவர் 1, முஸ்லிம் 1. மிச்சம் நாலு பேர் தெரிவு: ஐரோப்பியர் 2, பறங்கியர் 1, படித்த இலங்கையர் 1. அந்தக் கடைசி ஓர் ஆசனத்துக்குத்தான் முழு நாடும் ஒரே தொகுதி. முழு நாடு என்று சொன்னாலும் நாட்டில் சுமார் 41 இலட்சம் பேர் இருக்க, வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 3000க்கும் குறைவு. ஆங்கிலம் படித்த, வசதியுள்ள ஆண்கள் மட்டும். நமது துறைமுகத்தில் வலை இழுத்தவருக்கும் மூட்டை சுமந்தவருக்கும் அதில் இடமில்லை. ஆங்கிலக் கல்வியை நாம் பிந்தித் தொட்ட சமூகம் என்பதால், முஸ்லிம் பெயர்களைப் பட்டியலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எதிர்த்து நின்றவர் டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ. பெயர்பெற்ற வைத்தியர், பெரும் செல்வந்தர் சாள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் மருமகன். பட்டியலில் சிங்களவரே அதிகம், தமிழர் அடுத்தபடி. இனக் கணக்கு மட்டும் பார்த்தால் சிங்களவரான பெர்னாண்டோ சுலபமாக வென்றிருக்க வேண்டும். ஆனால் அவர் கராவ சாதி. ஒரு கராவ மனிதர் நாட்டின் பிரதிநிதி என்று தலைநிமிர்ந்து நிற்பதைப் பார்க்கக் கொயிகமப் பெரியவர்கள் பலருக்கு மனமில்லை. அதைவிட உயர்சாதித் தமிழர் ஒருவர் மேல் என்று நினைத்தார்கள். முடிவு: இராமநாதன் 1,645, பெர்னாண்டோ 981. தமிழர் வாக்கை மட்டும் வைத்து அந்த 1,645ஐ எட்டியிருக்க முடியாது.

இந்த வெற்றியை இன ஒற்றுமையின் பொற்காலம் என்று மேடைகளில் வர்ணிப்பவர்கள் உண்டு. அன்று இனத்தைத் தாண்டவைத்தது சாதிதான் என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

நாலு வருடத்தில் 1915 வந்தது. கம்பளையில் பெரஹெராவும் பள்ளிவாசலும் பற்றிய வழக்கு ஏற்கெனவே நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, அந்த ஆண்டு பெப்ரவரியில் மேல் நீதிமன்றத் தீர்ப்போடு சூடாகியிருந்தது. மே 28 வெசாக் இரவு கண்டியில் பள்ளிவாசல் அருகே தொடங்கிய மோதல் சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. அரசாங்கக் கணக்கின்படி முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டார்கள், 189 பேர் காயமடைந்தார்கள், 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 பள்ளிவாசல்கள் சேதமாயின, 4,075 கடைகளும் வீடுகளும் கொள்ளையிடப்பட்டன. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. அதன் பிறகு நடந்தது இன்னொரு கொடுமை. விசாரணையின்றிச் சிங்களவர் பலர் சுடப்பட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞருக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. டி.எஸ். சேனாநாயக்க உட்படப் பல தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

படித்த இலங்கையரின் அங்கத்தவராக இராமநாதன் சபையில் எழுந்து அரசாங்கத்தை விளாசினார். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது, கடலில் ஜேர்மன் நீர்மூழ்கிகள். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அதையும் பொருட்படுத்தாமல் கப்பலேறி இங்கிலாந்து போய் முறையிட்டார். கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி எழுதிய நூலை 1916இல் லண்டனில் வெளியிட்டார். ஆளுநர் சாமர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். இராமநாதன் திரும்பி வந்த நாளில், குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சிங்கள மக்களே அவரது வண்டியைத் துறைமுகத்திலிருந்து வீடுவரை கையால் இழுத்துச் சென்றார்கள்.

இந்தப் பகுதியைப் படிப்பிக்கும்போது நான் நிதானமாகவே போவேன். விசாரணையின்றிக் கொல்லப்பட்டவனுக்காக வாதாடியது சரியான காரியம். அவன் சிங்களவன் என்பதால் நாம் அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் கலவரத்தின் தொடக்கத்துக்கு அவர் கரையோரச் சோனகரின் போக்கையும் பொலிஸின் கையாலாகாத்தனத்தையும் காரணமாகக் காட்டினார். கடையும் பள்ளியும் எரிந்துபோனவர்களின் துயரம் அந்த நூலில் ஓரத்துக்குப் போய்விட்டது. சோனகர் என் இனத்தவர் என்று 1888இல் எழுதிய அதே மனிதர்தான் இவர். இனத்தவர் என்ற உரிமை 1915இல் எங்கே போயிற்று என்று நமது முன்னோர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவரைத் தெரிவு செய்த வாக்காளர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பதிலும் கிடைக்கும். அந்தப் பட்டியலில் சிங்கள உயர்குழாம் நிறைந்திருந்தது, நாம் இருக்கவில்லை. இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தின் ஆட்சியில் அவருக்கு இருந்த பிடிப்பு உண்மையானது. ஆனாலும் ஒரு பிரதிநிதியின் கண் முதலில் போவது தன்னை அனுப்பியவர்கள் இருக்கும் பக்கம்தான்.

1917இல் அதே ஆசனத்தை மறுபடியும் வென்றார். அடுத்த அடி அவரது வீட்டுக்குள்ளேயே விழுந்தது. தம்பி அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதலாவது தலைவரானவர். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் கிடைக்க ஒத்துழைப்போம் என்று சிங்களத் தலைவர்கள் எழுத்தில் உறுதி தந்திருந்தார்கள். 1921இல் கொழும்பு நகர ஆசனத்துக்கு வேட்பாளரைத் தீர்மானிக்கும் நேரம் வந்தபோது, அருணாசலம் ஒதுக்கப்பட்டு ஜேம்ஸ் பீரிஸ் முன்னுக்கு வந்தார். அருணாசலம் காங்கிரஸை விட்டு விலகித் தமிழர் மகாஜன சபையைத் தொடங்கினார். புதிய சபையில் பிரதேசவாரியாகத் தெரிவானவர்களில் சிங்களவர் 13, தமிழர் 3. அதுவரை ஏறக்குறைய சமமாக இருந்த எண்ணிக்கை ஒரே தேர்தலில் தலைகீழானது. கையால் வண்டி இழுக்கப்பட்டுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எண்ணிக்கையில் சிறியவர்களின் பயம் என்ன என்பது இராமநாதன் குடும்பத்துக்கு அப்போது புரிந்திருக்கும். நமக்கு அது 1880களிலேயே புரிந்திருந்தது. 1924இல் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் பட்டியலில் மூன்று ஆசனங்கள் கிடைத்தன. மாக்கான் மாக்கார், அப்துல் காதர், ரி.பி. ஜாயா தெரிவானார்கள். அதே ஆண்டு இராமநாதன் வடக்கிலிருந்து தெரிவாகிச் சபைக்கு வந்தார்.

அவரது கடைசிப் போராட்டம் டொனமூர் திட்டத்துக்கு எதிரானது. இனவாரி ஆசனங்களை ஒழித்து, 21 வயது நிரம்பிய ஆண் பெண் எல்லோருக்கும் வாக்கு என்றது அந்தத் திட்டம். சிறுபான்மைகள் அமிழ்ந்துபோகும் என்று அஞ்சினார் இராமநாதன். அந்த அச்சத்தில் முஸ்லிம் தலைவர்கள் பலரும் அவர் பக்கம் இருந்தார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. ஆனால் அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. படிப்பும் சொத்தும் இல்லாதவன் கையில் வாக்கைக் கொடுப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. முதல் காரணம் எனக்குப் புரிகிறது. இரண்டாவதை ஏற்க முடியவில்லை. அவர் யாருக்கு வாக்கு வேண்டாம் என்றாரோ, அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எனது வகுப்பில் இருக்கிறார்கள்.

1929 டிசம்பரில் சபை டொனமூர் திட்டத்தை 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. இரண்டே வாக்கு. 79 வயதில் மறுபடியும் லண்டன் போய் முறையிட்டார். இந்த முறை குடியேற்ற நாட்டு அலுவலகம் அசையவில்லை. 1930 நவம்பர் 26இல் காலமானார். மருதனார்மடத்துப் பெண்கள் கல்லூரியும், இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கும் பரமேசுவராக் கல்லூரி வளாகமும் அவர் விட்டுச் சென்றவை. கொழும்பில் பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் முன்னால் அவரது சிலை நிற்கிறது.

அடுத்த ஆண்டு ஜூனில் முதலாவது சர்வஜனத் தேர்தல் நடந்தது. திருகோணமலையும் மட்டக்களப்பும் சேர்ந்து ஒரு தொகுதி. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். பெயரை வாசிக்க வேண்டியதில்லை, நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டால் போதும். துறைமுகத்துத் தொழிலாளியும் முக்காடிட்ட நமது உம்மாமார்களும் வாக்குச் சாவடிக்குள் போகச் சட்டம் அனுமதித்த முதல் நாள் அது.