அலேகின்

சதுரங்கத்தில் முதல் நகர்வு வெள்ளைக்கே உரியது. ஆதலின் கறுப்புக் காய் ஆடுபவன் முதலில் தன்னைக் காத்துக்கொண்டு, சமநிலை எய்திய பின்னரே தாக்க நினைக்கவேண்டும் என்பது பழைய ஆசிரியர்கள் விதித்த முறை. அம்முறையைத் துணிந்து மீறியவர்களுள் முக்கியமானவர் ருஷ்யரான அலெக்ஸாண்டர் அலேகின்.

1892-ம் ஆண்டில் மாஸ்கோ நகரில் செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் டூமா சபை அங்கத்தினர். மகன் சட்டம் பயின்று 1914-ல் தேறினார். அவ்வகையில் நம் தொழிலினர் என்று நாம் உரிமை பாராட்டலாம். ஆயினும் அவர் புகழ் பெற்ற நியாயஸ்தலம் சதுரங்கப் பலகையே. அவ்வாண்டே ஜெர்மனியில் மான்ஹைம் பந்தயத்தில் முன்னணியில் இருக்கையில் மகாயுத்தம் மூண்டு, சிறைப்பட்டார். 1921-ல் ருஷ்யாவை விட்டு வெளியேறினார்.

அதே ஆண்டு புடாபெஸ்ட் நகரில் ஸ்டெய்னர் என்பவர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். அலேகின் சிப்பாயைத் தொடாமல் குதிரையை வெளியே கொணர்ந்தார். இவ்வாட்டத்தில் வெள்ளைச் சிப்பாய் மேலும் நடந்து குதிரையைத் துரத்தும், குதிரை விலகும், வேறொரு சிப்பாய் வந்து மறுபடியும் துரத்தும். பார்ப்போருக்குக் கறுப்பு ஓடுவதாகவே தோன்றும். ஆனால் சதுரங்கத்தில் மற்றெல்லாக் காய்களும் பின்வாங்கலாம். சிப்பாய் ஒன்றே திரும்ப இயலாதது. அகலக் கால் வைத்துவிட்ட அச்சிப்பாய்களைக் காப்பது வெள்ளைக்குப் பெருஞ்சுமையாகும். கறுப்பு அவற்றைப் பக்கங்களிலிருந்து மோதத் தொடங்கும். வெள்ளை பேராசையின்றி நிதானித்து நின்றால் இவ்வுபாயம் அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அன்று அலேகினே வென்றார். அவருக்கு முன்னரும் அறியப்பட்டிருந்த ஆட்டமே எனினும், அவர் பெயரே அதற்கு நிலைத்தது.

1927-ல் போனஸ் அயர்ஸில் காபாபிளாங்காவை எதிர்த்தார். அதற்கு முன் அவரை ஓர் ஆட்டத்திலேனும் அலேகின் வென்றதில்லை. 34 ஆட்டங்களில் ஆறு வெற்றி, மூன்று தோல்வி, மற்றவை சமன்; உலகப் பட்டம் கைமாறியது. தோற்றவருக்கு மறுபோட்டி கிடைக்கவேயில்லை. வென்றவரின் பெருந்தன்மையை நாம் மெச்சுவதற்கில்லை. 1935-ல் டச்சுக்காரர் யூவேயிடம் பட்டத்தை இழந்து, 1937-ல் மீட்டார்.

1941-ல், ஜெர்மானியர் வசமிருந்த பாரிஸில், சதுரங்கத்தில் யூதர்களை இழித்துரைக்கும் கட்டுரைகள் அவர் பெயரால் வெளிவந்தன. யுத்தம் முடிந்தபின் அவற்றுக்குத் தாம் பொறுப்பல்ல என்று மறுத்தார். அவ்வாதத்தை ஏற்க நாம் தயங்குகிறோம். கட்டுரை எவர் எழுதியதாயினும், ஜெர்மானியர் நடத்திய பந்தயங்களில் அவர் ஆடினார் என்பதற்குச் சாட்சி தேவையில்லை. லண்டன் பந்தயத்திற்கு விடுத்த அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 1946 மார்ச் 24-ல், பொட்வினிக்குடன் போட்டிக்கு ஏற்பாடாகி வருகையில், போர்ச்சுகலில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். அவர் விட்டுச் சென்ற பட்டம் 1948-ல் பொட்வினிக் வசமாயிற்று.