எரேமியா வாங்கிய நிலம்

எருசலேமுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆனதோத் என்னும் சிற்றூரில், புரோகிதர் குடும்பம் ஒன்றில் எரேமியா பிறந்தார். யூதா நாட்டை யோசியா மன்னர் ஆண்ட காலத்தில், கி.மு. 627-ஆம் ஆண்டளவில், இறைவனின் அழைப்பு அவருக்கு வந்தது. தாம் சிறுவன், பேச அறியாதவன் என்று அவர் தயங்கினார். தயக்கம் ஏற்கப்படவில்லை.

எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்ட இறைவனோடு தங்கள் முன்னோர் சீனாய் மலையில் உடன்படிக்கை செய்துகொண்டனர் என்பது இஸ்ரவேலரின் நம்பிக்கை. இறைவன் அவர்களைக் காப்பார். அவர்கள் அவர் ஒருவரையே வழிபட்டு, அநாதைக்கும் விதவைக்கும் அந்நியனுக்கும் நீதி செய்ய வேண்டும். ஆகவே இறைத்தீர்ப்பை அந்நியர் ஒருவர் விதிக்கும் தண்டனையாக எரேமியா காணவில்லை. கணவனைக் கைவிட்டுச் சென்ற மனைவியின் உவமையாலேயே அவர் அதை விளக்குகிறார். தீர்ப்பின் கடுமை முழுவதும் அந்த உறவின் நெருக்கத்திலிருந்து பிறப்பது.

கோயில் இருக்கும்வரை நகருக்குக் கேடில்லை என்று மக்கள் நம்பியிருந்தனர். யோயாக்கீம் மன்னனின் ஆட்சித் தொடக்கத்தில் எரேமியா கோயிலிலேயே நின்று, முன்னாளில் சீலோவின் திருத்தலம் அழிந்ததுபோல இதுவும் அழியும் என்றார். புரோகிதர்கள் அவருக்கு மரண தண்டனை கோரினர். சொந்த ஊராரும் அவரைக் கொல்லச் சதி செய்தனர். திருமண வாழ்வும் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. பிறந்த நாளையே சபித்து இறைவனோடு அவர் வழக்காடும் பகுதிகள் படிப்போரை உலுக்குபவை. அருளாளர்கள் அழுவதில்லை என்று எண்ணுவோர் அவற்றை அவசியம் படிக்க வேண்டும்.

அவர் சொல்லச் சொல்ல பாரூக் என்ற எழுத்தர் ஒரு சுருளில் எழுதினார். குளிர்காலத்தில் கணப்பின் முன் அமர்ந்திருந்த மன்னன், வாசித்து முடித்த பகுதிகளைக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பிலிட்டான். எரேமியா மீண்டும் எழுதச் செய்தார், முன்னதைவிட விரிவாக.

பின்னர் சிதேக்கியாவின் ஆட்சியில் பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டனர். அச்சமுற்ற மன்னனும் பிரபுக்களும், கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து அதன் நடுவே நடந்து, எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக இறைவன் முன் உடன்படிக்கை செய்தனர். எகிப்தியப் படை வருவதறிந்து பாபிலோனியர் சற்றே விலகியதும், விடுவித்தவர்களையே மறுபடி அடிமையாக்கினர். எருசலேமின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடுவோர் இந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தாலே போதும். எரேமியாவின் கண்டனமும் இங்கே மிகக் கடுமையாக ஒலிக்கிறது.

பகைவனுக்குச் சரணடையச் சொன்னதால் அவர் தேசத்துரோகி ஆனார். சேறு நிறைந்த தொட்டிக்குள் அவரை இறக்கிவிட்டனர். எபெத்மெலேக் என்ற எத்தியோப்பிய அரண்மனைப் பணியாளர், கயிறு உறுத்தாதபடி அக்குள்களில் வைத்துக்கொள்ளக் கந்தைத் துணிகளையும் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார்.

முற்றுகைக் காலத்தில், காவல் முற்றத்தில் அவர் அடைபட்டிருந்தபோது, ஆனதோத்திலிருந்து அனாமெயேல் வந்தார். தந்தையின் உடன்பிறந்தார் மகன். தம் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். நாடு அழியும் என்று நாற்பதாண்டுகளாகச் சொல்லி வந்தவர் நிலம் வாங்குவதா? எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல், இன்றைய அளவில் ஏறத்தாழ 200 கிராம் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையொப்பமிட்டனர். நெடுநாள் கெடாதிருக்கப் பத்திரங்களை மண்பாண்டத்தில் வைக்கும்படி பாரூக்கிடம் ஒப்படைத்தார். வாங்கிய பிறகுதான் அவருக்கே திகைப்பு ஏற்பட்டு, இறைவனிடம் கேட்டார். இத்தேசத்தில் மக்கள் மீண்டும் வயல் வாங்குவர் என்பதே கிடைத்த விடை. கல்லில் பொறித்ததை மீறிய மக்களின் இதயத்திலேயே நியமத்தை எழுதும் புதிய உடன்படிக்கை பற்றிய அவரது அறிவிப்பும், நூலில் இந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னரே இடம்பெறுகிறது.

கி.மு. 586-ஆம் ஆண்டளவில் நகரும் கோயிலும் எரிந்தன. பாபிலோனில் நன்கு வாழும் வாய்ப்பு அளிக்கப்பட்டும், எரேமியா எஞ்சிய ஏழை மக்களோடு தங்கினார். அவர்களோ பின்னர் பழிக்கு அஞ்சி, அவர் தடுத்தும் கேளாமல் எகிப்துக்கு ஓடினர். அவரையும் உடன் கொண்டுபோயினர். எந்நாட்டிலிருந்து முன்னோர் விடுவிக்கப்பட்டனரோ, அந்நாட்டில்தான் அவருடைய இறுதி உபதேசங்கள் அமைந்தன.

கி.மு. 538-இல் பாரசீகப் பேரரசர் கோரேசு யூதர்கள் தாயகம் திரும்ப அனுமதித்தார். திரும்பியோரின் பட்டியல் எஸ்றா நூலில் உள்ளது. அதில் ஆனதோத் ஊரார் 128 பேர்.