வாக்குரிமை இல்லாத வேட்பாளர்

அமெரிக்க நாட்டில் 2024-ஆம் ஆண்டு ஜனாதிபதி தேர்தல் முடிந்த வாரத்தில் எங்கள் வகுப்பில் ஒரு சிறு பட்டிமன்றம் நடந்தது. ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும் பக்குவம் அந்நாட்டுக்கு வந்துவிட்டதா, இல்லையா என்பது தலைப்பு. இல்லை என்ற அணியினர், 2016-இல் ஹிலாரி கிளிண்டனும் 2024-இல் கமலா ஹாரிசும் தோற்றதை எடுத்துக்காட்டினர். மற்ற அணியினர் விடவில்லை. ஹிலாரி தம் எதிரியைவிட ஏறக்குறைய 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார், மாநிலவாரியான தேர்வாளர் கணக்கில்தான் தோற்றார் என்றனர். கமலாவின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் நம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதும் நடுவில் வந்து விழுந்தது. மணி அடித்துவிட்டது, தீர்ப்பு வரவில்லை. கடைசி பெஞ்சில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வரலாற்று ஆசிரியை எழுந்து வந்து, இந்த வழக்கு 1884-லேயே நடந்திருக்கிறது என்று கூறி, கரும்பலகையில் ஒரு பெயரை எழுதிவிட்டுச் சென்றார். பெல்வா லாக்வுட் என்பது அந்தப் பெயர். அதைத் தேடிச் சென்றபோது நாங்கள் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

நியூயார்க் மாநிலத்தில் ராயல்டன் என்னும் சிற்றூரில், ஓர் எளிய உழவர் குடும்பத்தில், 1830-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் பெல்வா பிறந்தார். பதினான்கு வயதிலேயே கிராமப் பள்ளியில் ஆசிரியையானார். நம்மில் பலர் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் வயது அது! அங்கேதான் அவருக்கு முதல் அடி விழுந்தது. அதே வேலையைச் செய்யும் ஆண் ஆசிரியருக்குக் கொடுத்த சம்பளத்தில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. முறையிட்டுப் பார்த்தார். உலகம் இப்படித்தான், பொறுத்துக்கொள் என்பதே பதிலாக வந்தது. மேலே படிக்க விரும்பினார். பெண்ணுக்கு எதற்கு அவ்வளவு படிப்பு என்று தந்தை மறுத்துவிட்டார். பதினெட்டு வயதில் யூரையா மக்நால் என்ற விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டார். 1853-இல் கணவர் இறந்தபோது பெல்வாவுக்கு வயது இருபத்திரண்டு. கையில் லூரா என்ற பெண் குழந்தை.

கைம்பெண்ணாகிவிட்ட மகள் வீட்டோடு அடங்கியிருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். பெல்வாவோ குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்லூரிக்குப் புறப்பட்டார். குழந்தையைப் பிரிந்து அவர் பட்ட வேதனையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1857-இல் ஜெனசீ கல்லூரியில் சிறப்புடன் பட்டம் பெற்றுத் திரும்பினார். பின்னர் லாக்போர்ட் நகரப் பள்ளியில் பொறுப்பேற்றபோது, மாணவர்களைப் போலவே மாணவியருக்கும் மேடைப்பேச்சும் உடற்பயிற்சியும் வேண்டும் என்று பாடத்திட்டத்தில் சேர்த்தார். ஆண்டு விழாவில் மைக் முன் நிற்கும்போது கால் நடுங்கும் நமக்கு, பெண் பிள்ளைகள் மேடையில் பேசுவதே தவறு என்று கருதப்பட்ட அந்தக் காலத்தை எண்ணிப் பார்ப்பது கடினந்தான்.

1866-இல் மகளுடன் தலைநகரான வாஷிங்டனுக்குக் குடியேறினார். இரண்டு ஆண்டுகளில் எசெக்கியேல் லாக்வுட் என்ற பல் மருத்துவரை மறுமணம் செய்துகொண்டார். வயதில் மூத்தவரான அவர், மனைவியின் ஆசைகளுக்குக் குறுக்கே நிற்காத பெருந்தன்மையாளர். சட்டம் படிக்க வேண்டும் என்பதே அப்போது பெல்வா அம்மையாரின் ஆசை. அவர் முதலில் விண்ணப்பித்த கல்லூரி, ஒரு பெண் வகுப்பில் இருந்தால் இளைஞர்களின் கவனம் சிதறும் என்று கூறிக் கதவைச் சாத்தியது. பிறகு தேசியப் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளி அவரையும் வேறு சில பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பதினைந்து பெண்கள் தொடங்கினர். கடைசிவரை படித்து முடித்தவர் இருவரே. பெண்களுடன் சேர்ந்து பட்டம் வாங்க ஆண் மாணவர்கள் மறுத்தனர். அதனால் தேர்ச்சி பெற்றும் அவர் கைக்குப் பட்டம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் அம்மையாரின் தனிப் போக்கு தெரிகிறது. அப்பள்ளிக்குப் பதவிவழித் தலைவர் யார் என்று பார்த்தார். அவர் வேறு யாருமில்லை, நாட்டின் ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட்! நேரே அவருக்கே கடிதம் எழுதிவிட்டார். நீங்கள் தலைவர் என்றால் என் பட்டத்தைத் தாருங்கள், தலைவர் இல்லை என்றால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் அமைந்த கடிதம் அது. பதில் கடிதம் வரவில்லை. சில நாட்களில் பட்டம் வந்துவிட்டது. அது 1873-ஆம் ஆண்டு. அம்மையாருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு.

இதற்குள் இன்னொரு பழைய கணக்கையும் அவர் ஓரளவு தீர்த்துவிட்டிருந்தார். பதினான்கு வயதில் பட்ட அந்தப் பாதிச் சம்பளத்தின் வடு ஆறவில்லை போலும். அரசு அலுவலகப் பெண் குமாஸ்தாக்களுக்கும் ஆண்களுக்குரிய ஊதியம் வேண்டும் என்று கையெழுத்துகள் திரட்டி, காங்கிரஸ் சபை உறுப்பினர்களை விடாமல் சந்தித்து வந்தார். 1872-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அவர் கேட்டதில் பல நீக்கப்பட்டு, நீர்த்துப்போன சட்டந்தான் அது.

வழக்கறிஞரான பின்னும் நீதிமன்றங்கள் எளிதில் இடம் தரவில்லை. 1876-இல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வாதாட அனுமதி கேட்டார். பெண்களை அனுமதிக்கும் வழக்கம் இல்லை என்று நீதிபதிகள் மறுத்தனர். தடுக்கும் சட்டம் ஒன்றும் இல்லை, வழக்கந்தான் தடை என்றால், அந்த வழக்கத்தை உடைக்க ஒரு சட்டம் வந்தால் போதுமல்லவா? அம்மையார் மறுபடியும் காங்கிரஸ் சபையின் படிகளில் ஏறத் தொடங்கினார். இதற்கிடையே 1877-இல் கணவரும் இறந்தார். 1879-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் ஜனாதிபதி ஹேய்ஸ் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மார்ச் 3-ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்ற வழக்கறிஞராகப் பதிவு பெற்ற முதல் பெண்மணி ஆனார் பெல்வா. அடுத்த ஆண்டே அங்கு ஒரு வழக்கில் வாதாடவும் செய்தார். தாம் நுழைந்த கதவைப் பின்னால் வருபவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. அதே 1880-இல், தென்னாட்டைச் சேர்ந்த சாமுவேல் லோவரி என்ற கறுப்பின வழக்கறிஞரை அந்த நீதிமன்றத்தில் சேர்க்கப் பரிந்துரைத்து முன்மொழிந்தவர் இவரே.

வாஷிங்டன் தெருக்களில் மூன்று சக்கர மிதிவண்டியில் இவர் வழக்குமன்றத்துக்குப் போவதை மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். நேரம் மிச்சமாயிற்று என்பதுதான் அவர் கண்ட பலன்.

இனி 1884-க்கு வருவோம். மேற்குக் கரையில் கலிபோர்னியாவில் மரியெட்டா ஸ்டோ என்ற பெண்மணி ஒரு பத்திரிகை நடத்தி வந்தார். அவருக்கு பெல்வா ஒரு கடிதம் எழுதினார். பெண்கள் வாக்களிக்க முடியாது, உண்மை. பெண்களுக்கு வாக்களிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே என்பதே அதன் சாரம். அந்தக் கடிதத்தைக் கண்ட சம உரிமைக் கட்சிப் பெண்கள் ஜனாதிபதி பதவிக்கு அவரையே வேட்பாளராக்கிவிட்டனர். மரியெட்டா துணை ஜனாதிபதி வேட்பாளர். இதற்குமுன் 1872 தேர்தலுக்கு விக்டோரியா உட்ஹல் என்ற பெண்மணி தம்மை வேட்பாளராக அறிவித்ததுண்டு. ஆனால் அரசியல் சட்டம் கேட்கும் முப்பத்தைந்து வயது அவருக்கு நிரம்பவில்லை. முறையாக ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டு, வாக்குகள் எண்ணப்பட்ட முதல் பெண் வேட்பாளர் பெல்வா அம்மையாரே.

என்ன வாக்குறுதி தந்தார்? இனம், நிறம், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் சம உரிமை; செவ்விந்தியருக்குக் குடியுரிமை; போர்வீரர்களுக்கு ஓய்வூதியம்; மதுவுக்குக் கட்டுப்பாடு; பெண்களுக்கு நீதித்துறையில் பதவி. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெண் நீதிபதி அமர்ந்தது 1981-இல்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. சில ஊர்களில் ஆண்கள் தொளதொளப்பான பெண்கள் அங்கியும் தொப்பியும் அணிந்து, அவருடைய ஆதரவாளர்களைப் போல ஊர்வலம் போய்க் கூத்தடித்தனர். இதைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். பெண்ணுரிமை இயக்கத்தின் தூண்களாக விளங்கிய சூசன் ஆன்டனியும் எலிசபெத் ஸ்டான்டனும்கூட அவரை ஆதரிக்கவில்லை. குடியரசுக் கட்சி வேட்பாளர் பிளெய்னுக்கே ஆதரவு தந்தனர். பெல்வா நிற்பதால் வாக்குரிமைப் போராட்டமே நகைப்புக்கு இடமாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். அவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நாடு இன்னும் தயாராகவில்லை, இப்போது அவசரப்பட்டால் இருப்பதும் போய்விடும் என்று நினைப்பவர்கள் எல்லாக் காலத்திலும் நல்லவர்களிலும் இருக்கிறார்கள். எங்கள் பட்டிமன்றத்தில் இல்லை என்ற அணியில் பேசியவர்களும் அப்படித்தான் பேசினார்கள்.

விளம்பரத்துக்காகவே நின்றார் என்ற பழியும் அவர்மேல் உண்டு. அதில் சிறிது உண்மை இருக்கத்தான் செய்கிறது. கட்டணம் பெற்றுச் சொற்பொழிவாற்றியே பிரசாரச் செலவைச் சமாளித்தார். தேர்தலுக்குப் பின் அவருடைய சொற்பொழிவுகளுக்குக் கிராக்கி கூடியது. கட்சியின் கஜானா காலியாயிருந்தபோது அந்தப் பணம் வேறு எங்கிருந்து வரும் என்று கேட்டவர்கள்தாம் இல்லை.

அந்நாளில் அரசாங்கம் அச்சிட்ட வாக்குச்சீட்டு கிடையாது. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் சீட்டைத் தானே அச்சிட்டு வாக்காளர் கையில் சேர்க்க வேண்டும். பணமில்லாத கட்சி இதை எத்தனை ஊர்களில் செய்திருக்க முடியும்? தேர்தலுக்குப் பின் 1885 ஜனவரியில் பெல்வா அம்மையார் காங்கிரஸ் சபைக்கு ஒரு மனு அனுப்பினார். ஏழு மாநிலங்களில் தமக்கு விழுந்தவை 4,711 வாக்குகள் என்று மாநிலவாரியாகக் கணக்குக் காட்டினார். நியூயார்க்கில் 1,336, இல்லினாயில் 1,008, கலிபோர்னியாவில் 734 என்று அந்தப் பட்டியல் போகிறது. பென்சில்வேனியாவில் தம் பெயருக்கு விழுந்த சீட்டுகளைப் போலி வாக்கு என்று கூறி எண்ணாமலே குப்பைக்கூடையில் போட்டுவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. சபை மனுவின்மேல் எதுவும் செய்யவில்லை.

ஒரு கோடி வாக்குகள் பதிவான தேர்தலில் 4,711 என்பது கடுகளவுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தேர்தலில் ஜனாதிபதிக்கு வாக்களித்தவர் அனைவரும் ஆண்கள். ஆகவே அந்த வாக்குகளில் ஒன்றுகூடப் பெண் போட்டதன்று. ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தபோது 4,711 ஆண்கள், அவருடைய பெயர் அச்சிட்ட சீட்டைத் தேடி வாங்கி, பலர் பார்க்கப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் யார், வீட்டில் என்ன பேச்சுக் கேட்டார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. கிளீவ்லாண்ட் வெற்றி பெற்றது நியூயார்க் மாநிலத்தைக் கைப்பற்றியதால். அங்கே அவருக்குக் கிடைத்த முன்னணி ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளே. பெல்வா அம்மையார் கணக்குக் காட்டிய 1,336-ஐவிட அது குறைவு.

நாடு தயாரா என்று எங்கள் வகுப்பில் கேட்டபோது, நாடு என்றால் ஒரே மனிதர் என்பதுபோல எல்லோரும் பேசினோம். 1884-இல் தயாராயிருந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் போட்ட சீட்டை எண்ணத் தயாராயில்லாதவர்களும் இருந்தார்கள். ஒரு பெயர் அச்சில் ஏறும்வரை எவர் எந்தப் பக்கம் என்று எவருக்குத் தெரியும்?

1888-இல் மீண்டும் நின்றார். ஆதரவு முன்னைவிடக் குறைந்தது. அதன்பின் உலக சமாதான இயக்கத்தில் ஈடுபட்டு ஐரோப்பாவில் நடந்த மாநாடுகளுக்குச் சென்று வந்தார். 1894-இல் மகள் லூராவின் மரணம் அவரை உலுக்கியது. வழக்கறிஞர் தொழிலை மட்டும் விடவில்லை. தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்ட கிழக்குச் செரோக்கி மக்களுக்கு அரசு தர வேண்டிய இழப்பீட்டுக்காக ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உழைத்தார். 1906-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தொகை சுமார் 50 லட்சம் டாலர்! அந்த மன்றத்தில் எழுந்து நின்று வாதாடியபோது அம்மையாருக்கு வயது எழுபத்தைந்து. ஆயினும் கடைசி ஆண்டுகளில் பணமுடையால் அவர் துன்புற நேர்ந்தது.

1916 நவம்பரில் மொன்டானா மாநிலம் ஜெனட் ராங்கின் என்ற பெண்மணியைக் காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுத்தது. 1917 ஏப்ரல் 2-ஆம் நாள் அவர் சபையில் அமர்ந்தார். தாம் எத்தனையோ முறை மனுக்களோடு ஏறிய படிகளில் ஒரு பெண் உறுப்பினராக ஏறிச் சென்ற அந்த நாளில் பெல்வா அம்மையார் அதே வாஷிங்டனில் உயிரோடு இருந்தார். மே 19-ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில் காலமானார். 1986-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவருடைய உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது 1920-இல். அதிலும் ஒரு வேடிக்கை. வாஷிங்டன் நகரவாசிகளுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், ஜனாதிபதி தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1961-இல்தான் சட்டமாயிற்று. 1964-இல்தான் அவர்கள் முதன்முதலாக வாக்களித்தனர். இருமுறை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட பெல்வா லாக்வுட், தம் வாழ்நாளில் ஒருமுறைகூட ஜனாதிபதி தேர்தலில் வாக்களித்ததில்லை.